தேடிப் போகிறாளாம்

காணொளியாகச் சுற்றும் அந்த மேடைப் பேச்சை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே பகிர எனக்கு மனமில்லை. "சிறுவயதில் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவள் வளர்ந்த பிறகும் அதே மாதிரி ஆளைத்தான் தேடிப் போவாள்" என்று அந்த ஆலோசகர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

சிறுவயதில் நடந்ததற்கும் பிறகு மறுபடி நடப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. நான் மறுக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 930 பெண்களிடம் பேசிய சமூகவியலாளர் டயானா ரஸ்ஸல் 1986இலேயே அதை எழுதிவிட்டார். 2019இல் 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறகும் ஆளாகியிருந்தது தெரிந்தது. மீதிப் பாதிப்பேரைப் பற்றி மேடையில் யாரும் மூச்சு விடுவதில்லை, அது போகட்டும். ஆனால் இரண்டாவது முறையும் அது தானாக நடக்கவில்லையே! ஒருவன் செய்தான். அவன் மட்டும் எப்படி ஒவ்வொரு முறையும் பேச்சிலிருந்து நழுவிவிடுகிறான்?

என் தோழி ஒருத்தி. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கணவர் குரலை உயர்த்தியதும் அவள் முகத்தில் ஒரு புன்னகை வந்து ஒட்டிக்கொள்ளும். மேசையில் கிடக்கும் காகிதங்களை ஓரம் சேர்த்து அடுக்கத் தொடங்குவாள். அவர் போன பிறகு, "என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்பாள். நடிப்பில்லை, காதில் விழுந்தே இருக்காது. தப்பிக்க வழியில்லாத வீட்டில், சிறுமியாக இருந்தபோது அவள் மனம் பழகிக்கொண்டது அது. உடம்பை அங்கேயே விட்டுவிட்டு மனம் மட்டும் வெளியேறிவிடும். அன்று அவளைக் காப்பாற்றியதும் அதுதான், இன்று ஆபத்தை உணரவிடாமல் தடுப்பதும் அதுதான். அந்த மௌனத்தை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் சின்னதாக ஒரு கேலி, பிறகு தோளில் ஒரு கை. எதிர்ப்பு வராத இடமாகப் பார்த்து நெருங்குவார்கள். இதில் யார் யாரைத் தேடிப் போனது?

"அப்படியானால் பெண்களை எச்சரிக்கவே கூடாதா?" என்று வருவீர்கள். தாராளமாக எச்சரியுங்கள், கைதட்டல் வாங்காமல். "ஆண் பிள்ளைகளுக்கும் நடக்கிறதே?" நடக்கிறது, கொடுமைதான். ஆனால் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் உங்களுக்கு அது நினைவுக்கு வருவது ஏனோ?

சிறுமியாக என் தோழி வீட்டில் சொன்னபோது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்றார்கள். இப்போது படித்தவர்கள் அதையே மேடை போட்டுக் கேட்கிறார்கள். அந்தக் காணொளியை அவளுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "அப்படியானால் என் மேல்தான் தப்பா?" என்று கேட்டாள். பல வருடச் சிகிச்சைக்குப் பிறகு!

பகிர்ந்த நண்பர்களே, உள்பெட்டியில் எனக்கு விளக்கம் அனுப்ப வேண்டாம். பகிர்ந்ததை நீக்குங்கள், போதும்.