ஆண்டு எட்டுப் பொடியனுக்கு நான் குனிகிறேன்

மகளை மட்டக்களப்பு கல்லடியில் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப்போய், மதிலோரம் இருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். சும்மா இருக்கிற நேரத்துக்கு நாமும் பழகினால் என்ன என்று போன வருஷம் சேர்ந்துவிட்டேன். வயது 41. வரிசையில் கடைசி ஆள், ஏனென்றால் அங்கே வயதுப்படி நிற்பதில்லை, இடுப்புப் பட்டியின் நிறப்படிதான். எனக்கு மேலே நிற்கிற பச்சைப் பட்டிக்காரன் ஆண்டு எட்டுப் படிக்கிறான். வாசலில் "அன்ரி, சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி விடுங்க" என்பான். உள்ளே அவன் எனக்கு சென்பாய், அதாவது மூத்த மாணவன். என் முழங்கையை அவன் திருத்துவான், நான் "ஓஸ்" என்று குனிவேன். மாமி ஒருவர் பார்த்துவிட்டு, "என்னகா, பொடியனுக்கெல்லாம் குனியிறாய்?" என்று கேட்டார்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைக் கும்பிட்டுவிட்டுச் சதங்கை கட்டிக் கூத்துக் களரி ஏறுகிற ஊர் இது. வணக்கம் நமக்குப் புதிதில்லை. ஆனால் கராத்தே வகுப்பில் மரியாதை என்றால் மாஸ்டருக்குக் காட்டுகிற பயபக்தி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தப் பொடியனின் குத்து என் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் வந்து நிற்கிறது. நிற்கும் என்று நம்பித்தான் நானும் அசையாமல் நிற்கிறேன். குனிவது அதற்காகத்தான்.

அப்படிப் பார்த்தால் முதல் மரியாதை நகம் வெட்டுவது. ஒருநாள் என் மகளின் கண்ணுக்குக் கீழே நீளக் கீறல். கீறிய பிள்ளை மாஸ்டருக்கு இடுப்பு வளையக் குனிகிற பிள்ளைதான், நகம் மட்டும் வெட்டவில்லை. காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வர வேண்டும். தோடு கழலாதென்றால் மேலே பிளாஸ்டர் ஒட்டலாம்.

அப்புறம், துவைத்த உடுப்பு. பட்டியைத் துவைக்கக் கூடாதாம், வெள்ளைப் பட்டி அழுக்கேறித்தான் கறுப்பானதாம். வெறும் கதை. யூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880களில் தேர்ந்த மாணவர்களுக்கு வைத்த அடையாளம் கறுப்புப் பட்டி. கராத்தேயில் புனகோஷி கிச்சின் 1924இல்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினார். சித்திரை வெக்கையில் துவைக்காத பட்டியோடு பக்கத்தில் நின்று பாருங்கள், தெரியும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு பையன் வருகிறான். முதல் நாளே அவன் வாப்பா, "தொழுகையில தவிர அவன் குனியமாட்டான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர், "நெஞ்சில கை வைங்க மகன், காணும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். அந்தப் பையனின் நகம் எப்போதும் வெட்டியிருக்கும். அவனோடு சோடி சேர எனக்கு விருப்பம்.

மகளை முன்பு வேறொரு வகுப்பில் விட்டிருந்தேன். அங்கே பிந்தி வந்தால் பிரம்படி, தண்ணீர் குடிக்கக் கேட்கவே பிள்ளைகளுக்குப் பயம். பிந்தி வந்தவர் ஓரத்தில் முழங்காலில் இருந்து, மாஸ்டர் தலையசைத்த பிறகு உள்ளே வருவதுதான் முறை. அது தண்டனை இல்லை. வீசிக்கொண்டிருக்கிற கால்களுக்கு நடுவே புகுந்து உதை வாங்காமல் இருக்கிற வழி. தண்ணீரை மறித்து என்ன மரியாதை பழக்க முடியும்? இரண்டாம் மாதமே மகளை நிற்பாட்டிவிட்டேன்.

சரி, மதிலோரத்துப் பெற்றோருக்கும் ஒழுக்கம் வேண்டும். "அடி, விடாத!" என்று கத்துவது, "அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் குடுத்திட்டீங்க, எங்கட பிள்ளைக்கு எப்ப?" என்று மாஸ்டரை மறிப்பது, இரண்டும் கூடாது. நானும் கேட்டவள்தான்.

போன வியாழன் என் குத்து நிற்கவில்லை. பொடியனின் உதட்டில் பட்டு இரத்தம் வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. அவன் உதட்டைத் துடைத்துவிட்டு முதலில் குனிந்தான். "இன்னொருக்கா, அன்ரி" என்றான், உள்ளே அன்ரி என்று கூப்பிடக் கூடாதென்பதை மறந்து. அவன் தாய் மதிலோரம் இருந்து எல்லாம் பார்த்தார். எழும்பவில்லை. வகுப்பு முடிந்த பிறகுதான் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.