இசபெல் அலெண்டே அதிபரின் மகளா?

1973 ராணுவப் புரட்சியில் உயிரிழந்த சிலி அதிபர் சால்வடோர் அலெண்டேயின் மகள்தான் எழுத்தாளர் இசபெல் அலெண்டே என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. அது தவறு. இவருடைய அப்பா தோமாஸ், அதிபருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். மகள் முறை என்று வேண்டுமானால் சொல்லலாம்; பெற்ற மகள் அல்ல.

அப்புறம் எப்படி வந்தது இந்தக் குழப்பம்? அதிபருக்கும் அதே பெயரில் ஒரு மகள் உண்டு. 2014ல் சிலி செனட்டின் முதல் பெண் தலைவரானவர் அவர்தான்.

எழுத்தாளர் பிறந்தது 1942ல், பெருவின் லிமா நகரில். சிலியில் 'மாம்பாத்தோ' சிறுவர் இதழில் வேலை பார்த்தார், குழந்தைக் கதைகள் எழுதினார். புரட்சிக்குப் பின் வெனிசுவேலாவில் தஞ்சம் புகுந்தார். அங்கே 1981 ஜனவரி 8 அன்று, மரணப் படுக்கையில் கிடந்த தாத்தாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதமே வளர்ந்து, 1982ல் முதல் நாவலாக வெளிவந்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த எழுத்துதான், அதிபரின் உறவு அல்ல.