சிகாமட் ஆடினால் எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நேரடி நிலநடுக்கத் தரவோடு இணைத்தாயிற்று, இனி கேட்ட மாத்திரத்தில் பதில் வரும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தரவு, அதை யார் யாருக்காகத் திரட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் பக்கம் இருக்கிற நமக்கு முதல் கேள்வியே அதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6:13க்கு இங்கே பூமி ஆடியது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா அதன் அளவை 4.1 என்று அறிவித்தது. ஆழம் 10 கிலோமீட்டர். ஜொகூரில் மட்டுமில்லை, நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங்கின் தெற்குப் பகுதி வரை உணர்ந்திருக்கிறார்கள். அன்று காலையே சின்னதாக இன்னொன்று, அடுத்த நாள்களில் யோங் பெங் பக்கம் சில. 2015 ஜூனில் சபா ரானாவில் 6.0 வந்து கினாபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தபோதுகூட, அது கடல் தாண்டிய சங்கதி என்றுதான் இங்கே பேசிக்கொண்டோம். 2007இல் பகாங் புக்கிட் திங்கியில் ஆடியது யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லாருக்கும் காது கூர்மையாகிவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடு ஏறினால் சன்னல் கண்ணாடி கடகடக்கும். உடனே வாட்ஸ்அப் குழுவில் "ஆடுச்சா?" என்று ஒருவர், "எங்க வீட்லயும் ஆடுச்சு" என்று இன்னொருவர், "இன்னிக்கு ராத்திரி பெருசு வருதாம்" என்று எங்கிருந்தோ வந்த குரல்பதிவைத் தள்ளிவிட மூன்றாமவர். அந்த நேரத்தில் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒன்று இருந்தால் நல்லதுதானே? அங்கேதான் என் அக்கா மகன் வருகிறான்.

பையன் கணினி படிக்கிறான். ஒட்டுக்கடையில் பசியாறும்போது மடிக்கணினியைத் திறந்து, "மாமா, நீங்களே தமிழ்ல கேட்டுப் பாருங்க" என்றான். 2025 ஆகஸ்ட் 24 காலையில் சிகாமட் பக்கம் நிலநடுக்கம் வந்ததா என்று தட்டினேன். அழகான தமிழில் பதில் வந்தது: அந்த நாளில் அந்தப் பகுதியில் நிலநடுக்கம் எதுவும் ஏற்படவில்லை. பக்கத்தில் ஒரு பச்சை டிக் வேறு.

"ஏண்டா, அப்போ உங்கம்மா கட்டிலை விட்டு இறங்கி வாசலுக்கு ஓடினது எதுக்கு?"

தேநீர் ஆறுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். காரணம் ஒன்றில்லை, இரண்டு. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உதவியாளருக்கு நிலநடுக்கம் தானாகத் தெரியாது. அதன் படிப்பு ஏதோ ஒரு தேதியோடு நின்றுபோன படிப்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி போன்ற பொதுவான ஏற்பாடுகள் இருப்பதால், வெளியே இருக்கும் சேவைகளை அது கூப்பிட்டுக் கேட்க முடிகிறது. அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, இத்தனை கிலோமீட்டர் சுற்றுவட்டாரம், குறைந்தது இந்த அளவு, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பும். மறுபக்கத்தில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையமான யுஎஸ்ஜிஎஸ் இருந்தால், சீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துத் திருப்பி அனுப்பும். உதவியாளர் அதை வாசித்து நமக்குத் தமிழில் சொல்லும். ஒன்றுமே திரும்பி வரவில்லையென்றால்? "எதுவும் ஏற்படவில்லை" என்று சொல்லிவிடுகிறது. வினையே அங்கேதான்.

பையன் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட நிரலில் குறைந்தபட்ச அளவு 4.5 என்று இருந்தது. 4.1 எப்படி வரும்? யுஎஸ்ஜிஎஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற பட்டியலை உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் பட்டியலை ஏறக்குறைய 4.5க்கு மேல்தான் முழுசாக நம்பலாம். அதற்குக் கீழே உள்ளது இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். ஜப்பான்காரருக்கும் சுமத்ராக்காரருக்கும் 4.5 என்பது சரியான கோடாக இருக்கலாம். சிகாமட்டுக்காரருக்கு அந்தக் கோடு கூரைக்கு மேலே இருக்கிறது.

சரி, அளவைக் குறைத்தால் போதுமா? போதாது. அவர்கள் நேரம் உலகப் பொது நேரம், நாம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறோம். நமக்கு 24ஆம் தேதி காலை 6:13 என்றால் அவர்கள் கணக்கில் அது 23ஆம் தேதி இரவு 10:13. உதவியாளர் 24ஆம் தேதி என்று சீட்டில் எழுதினால், நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் தேடலே தொடங்குகிறது. ஊரே வாசலில் நின்ற நேரம் சல்லடைக்கு வெளியே போய்விட்டது. காலை எட்டு மணிக்கு முன்னால் இங்கே நடக்கிற எதற்கும் இதே கதிதான்.

ஆகவே என் கருத்து இது. பட்டியலில் இல்லை என்பதை நடக்கவில்லை என்று சொல்கிற உதவியாளரைவிட, எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கிற பழைய உதவியாளரே மேல். அது தெரியாது என்றால் நாம் வேறெங்காவது போய்க் கேட்போம். இது பச்சை டிக் போட்டுத் தூங்க அனுப்பிவிடுகிறது.

"அப்போ இணைக்கவே வேணாமா மாமா?" என்றான் பையன். இணைக்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் நம் வீட்டு வாசலில் இருப்பதோடு. நமது அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வானிலை எச்சரிக்கையோடு மெட்மலேசியாவின் நிலநடுக்க எச்சரிக்கையும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அதற்கடுத்து இந்தோனேசியாவின் வானிலை, நிலநடுக்க ஆய்வு அமைப்பான பிஎம்கேஜி. அவர்கள் மக்கள் உணர்ந்த நிலநடுக்கங்களைத் தனிப் பட்டியலாகவே கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அவர்களை ஆட்டுவது பெரும்பாலும் சுமத்ராதான். 2022 பிப்ரவரி 25இல் மேற்கு சுமத்ராவின் பசாமானில் 6.1 வந்தபோது கோலாலம்பூரில் மாடியிலிருந்து இறங்கி ஓடினார்களே. யுஎஸ்ஜிஎஸ் மூன்றாவதாக இருக்கட்டும். மூன்றிலும் இல்லையென்றால், இந்த மூன்று பட்டியலிலும் இந்த நேரம் வரை இல்லை, சின்னதாக இருந்தால் வராமலும் போகலாம் என்று சொல்லட்டும். இத்தனை வார்த்தை சொல்ல அதற்கென்ன கஷ்டம்?

பட்டியலில் இருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க முடியாது. 2017 ஜூன் 21 அன்று அமெரிக்காவில் நடந்த கூத்து ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் 6.8 என்று யுஎஸ்ஜிஎஸ்ஸிலிருந்து ஓர் அறிவிப்பு போனது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழில் இந்த அறிவிப்புகளைப் பார்த்துத் தானாகவே செய்தி எழுதும் குவேக்பாட் என்ற நிரல் இருக்கிறது. அது உடனே செய்தியை எழுதிப் போட்டுவிட்டது. நடந்தது என்னவென்றால், 1925இல் அங்கே வந்த நிலநடுக்கத்தின் இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய சம்பவம் புதுசு போல வெளியே கசிந்துவிட்டது. அறிவிப்பிலேயே ஆண்டு 2025 என்று இருந்தது, எட்டு வருடம் தள்ளி. மனுசர் கண்ணில் பட்டிருந்தால் ஒரு பார்வையில் பிடித்திருப்பார். இன்றைய உதவியாளர் குவேக்பாட்டைவிடக் கெட்டிதான், ஆனால் கையில் கிடைத்ததை நம்புகிற புத்தி இதற்கும் உண்டு.

இன்னொன்று என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது. யுஎஸ்ஜிஎஸ் தரவில் சுனாமி என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடல் பகுதியில் பெரிய நிலநடுக்கம் என்றால் அதில் 1 விழும். இதை வைத்துச் சுனாமி வந்தது, வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களே விளக்கக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை யார் படிப்பார்? "சுனாமி: ஆம்" என்று உதவியாளர் தமிழாக்கிவிட்டால், அது பினாங்கு, கெடா சொந்தக்காரர் குழுவுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்? 2004 டிசம்பர் 26இல் மலேசியாவில் 68 உயிர் போன கரை அது. அங்கே அந்தச் சொல்லைச் சும்மா உச்சரிக்கக் கூடாது. அதே நாளில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணிப்பு 8.0 என்றுதான் இருந்தது. பின்னால்தான் 9.1 வரை ஏறியது. முதல் எண் எப்போதும் அவசர எண். அதனால்தான் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் தானியங்கியா, ஆள் சரிபார்த்ததா என்று போட்டிருக்கிறார்கள். உதவியாளர் அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிப் பதில்தான்.

அடுத்தது எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கு: நாள், இடம், அளவு சொல்லி ஒரு பெரிய நிலநடுக்கத்தையும் உலகத்தில் யாரும் முன்கூட்டியே கணித்ததில்லை. எந்த இணைப்பும் அதை மாற்றாது. உங்கள் உதவியாளர் தேதி சொன்னால் அணைத்துவிட்டுப் படுங்கள். அபாயச் சங்காகவும் அதை நினைக்க வேண்டாம். காலடியில் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்தால் ஆட்டம் சில வினாடியில் வந்துவிடும். பட்டியலில் ஏறச் சில நிமிடமாவது ஆகும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் ஏன் இணைக்கச் சொல்கிறேன்? எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்காக. தோட்டத்தில் பால் வெட்டி, அப்புறம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வீடு போய்த் தாமானுக்கு வந்தவர். சந்தையில் மலாய் சரளமாகப் பேசுவார், ஆனால் மெட்மலேசியா மலாயிலும் ஆங்கிலத்திலும் விடும் அறிக்கையை வாசித்து, அளவு வேறு, ஆழம் வேறு என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியாது. அளவு ஓர் எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு என்பதை யாராவது தமிழில் சொன்னால், 2.8க்கும் 4.1க்கும் ஒரே மாதிரி பதற மாட்டார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்ல இந்த உதவியாளரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் ஜொகூர் பாருவில்.

பையன் இப்போது மாற்றிவிட்டான். பதிலின் முதல் வரியிலேயே எந்தப் பட்டியல், மலேசிய நேரப்படி எப்போது பார்த்தது, சரிபார்த்ததா இல்லையா என்று வருகிறது. பச்சை டிக்கைக் கழற்றியாயிற்று. புதிதாக ஏதாவது பதிவானால் தானாகவே குழுவுக்குச் செய்தி அனுப்ப வைக்கலாம் என்கிறான். கேட்டவருக்கு மட்டும் சொன்னால் போதும் என்பது என் கட்சி. இன்னும் ஒத்துவரவில்லை.

அவனுக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும். நம் ஆள்கள் ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. எட்டாம் கட்டை, மேட்டு லயம், பழைய ஸ்டோர் பக்கம் என்றுதான் கேட்கிறார்கள். இயந்திரத்துக்கு அது எந்த அட்சரேகை என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக எதையோ எடுத்துக்கொள்கிறது. சிகாமட், லாபிஸ், யோங் பெங் பக்கத்து நண்பர்கள் தங்கள் தோட்டத்தின் பழைய பெயர், எத்தனையாவது கட்டை, இப்போது அங்கே எந்தத் தாமான் இருக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். தோட்டம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.