டிடெக்டிவால் கால் ரெக்கார்டு வாங்க முடியுமா?

ராணிப்பேட்டையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பழைய போட்டோவைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டுவது பற்றிய பேச்சில், அரசு லைசென்ஸ் உள்ள பிரைவேட் டிடெக்டிவ் மிரட்டுபவரின் கால் ரெக்கார்டை (யாருடன் எப்போது போனில் பேசினார் என்ற பட்டியலை) சட்டப்படியே வாங்கித் தருவார் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை.

டிடெக்டிவ்களுக்கு லைசென்ஸ் தர நம் நாட்டில் தனிச்சட்டமே கிடையாது. 2007-ல் மாநிலங்களவையில் அதற்காக ஒரு மசோதா வந்தது, நிறைவேறாமலே கிடந்து 2020-ல் திரும்பப் பெறப்பட்டது. டிடெக்டிவ் ஒரு ஆளைப் பற்றி விசாரிக்கலாம், பொது இடத்தில் கவனிக்கலாம், அவ்வளவுதான். கால் ரெக்கார்டைக் கேட்கும் அதிகாரம் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும்தான், அதைத் திருட்டுத்தனமாக விற்ற டிடெக்டிவ்கள் 2018-ல் மகாராஷ்டிராவின் தானே நகரில் கைதே ஆனார்கள். கேஸ் கொடுக்கப் போகிற குடும்பமே கேஸில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்களே பாருங்கள்: 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவை எடுத்தால், ஆவணம் கேட்டு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு என்று இருக்கும், கோர்ட்டும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியும்தான். மசோதாவின் கதி மாநிலங்களவைத் தளத்தில் கிடைக்கும்.