சரிந்த மலைக்கு இரண்டு ஓரங்களும் உண்டு

"டூ-டி போதும்பா, அது எப்படியும் பாதுகாப்புக் காரணியைக் குறைத்துத்தானே காட்டும், த்ரீ-டி எதற்கு?" மண், மலைச் சரிவுகள் நிற்குமா இடியுமா என்று கணக்குப் போடுகிற நம்மில் பலர் இப்படிச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். சரிவின் ஒரே ஒரு வெட்டுமுகத்தை வைத்துப் போடுவது டூ-டி, முழு வடிவத்தையும் எடுத்துப் போடுவது த்ரீ-டி. தாங்கும் வலிமை, தள்ளும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் பாதுகாப்புக் காரணி; அது 1-க்கு இறங்கினால் சரிவு விழும். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். புதிய கரை ஒன்றை வடிவமைக்கும்போது, மிக ஆபத்தான வெட்டுமுகத்தைச் சரியாகப் பிடித்திருந்தால், அந்தப் பேச்சில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே இடிந்த சரிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மண்ணின் வலிமையைக் கண்டுபிடிக்கிறோமே, அங்கே அது தலைகீழாகிவிடும்.

டூ-டி-யில் சரிவு இரு பக்கமும் முடிவில்லாமல் நீள்வதாக வைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் பெயர்ந்து வருவது பெரும்பாலும் கிண்ணம் மாதிரியான ஒரு துண்டு, அதன் ஓரங்களும் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்தப் பிடியை விட்டுவிட்டு, விழுந்த நொடியில் காரணி 1 என்று வைத்துத் திருப்பிப் போட்டால், ஓரங்கள் தாங்கிய பங்கும் அடிமண்ணின் கணக்கில் ஏறிவிடும். மண் இருப்பதைவிட வலுவாகத் தெரியும். அந்த எண்ணைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருக்கும் நீளமான சரிவுக்குப் போட்டால் என்ன ஆகும்? அங்கே அந்த ஓரப்பிடி கிடையாதே!

என் எண்ணத்தை மாற்றியது இத்தாலியின் வயோன்ட் அணையில் நடந்த சரிவு. 1963 அக்டோபர் 9 இரவு, டோக் மலையிலிருந்து சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. அணை நின்றது, ஆனால் அதைத் தாண்டிப் பாய்ந்த அலை லோங்கரோனே ஊரையே வாரிக்கொண்டு போனது. ஏறக்குறைய 2000 பேர் செத்துப்போனார்கள். சறுக்குதளத்தில் இருந்த களிமண் அடுக்குகளின் எஞ்சிய உராய்வுக் கோணம், அதாவது ஏற்கெனவே சறுக்கிய பரப்பில் மிஞ்சும் பிடியின் அளவு, சராசரியாக 12 டிகிரிதான். அதை வைத்து டூ-டி-யில் போட்டால், அணை கட்டும் முன்பே அந்த மலை நின்றிருக்கவே முடியாது. 1985-ல் ஹென்ட்ரான், பாட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிழக்கு ஓரத்தில் பாறை தரும் எதிர்ப்பையும் சேர்த்து முப்பரிமாணத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான், அவ்வளவு வழுக்கலான களிமண்ணின் மேல் மலை அத்தனை காலம் நின்றதும், தேக்கிய நீரும் மழையும் சேர்ந்ததும் விழுந்ததும் ஒரே கணக்கில் பொருந்தின.

த்ரீ-டி என்று பெயர் இருந்தாலே நம்பிவிடவும் கூடாது. 1977-ல் வந்த ஹோவ்லாண்ட் முறை, சரிவை மண் தூண்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டாலும், அந்தத் தூண்களுக்கு இடையிலான விசைகளை விட்டுவிடுவதால், சில இடங்களில் டூ-டி-யைவிடக் குறைந்த காரணியைக்கூடக் காட்டும். அப்புறம், எந்த மென்பொருளாக இருந்தாலும் ஓரம் எங்கே, அங்கே என்ன மண் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் சரிந்த இடத்துக்குப் போகிறவர்கள் நடுக்கோட்டில் மட்டும் மண்ணைச் சோதிக்கும் துளை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று போடுங்கள்.