டார்வினுக்கு இடமில்லை, புஷ்பக விமானத்துக்கு இருக்கிறது

பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் ஒன்றிய அரசின் என்சிஇஆர்டி, 2023இல் சந்திரயான்-3 பற்றி மாணவர்களுக்கு ஒரு துணைப்பாடத் தொகுப்பு வெளியிட்டது; பறக்கும் ஊர்தி அந்தக் காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்று புஷ்பக விமானத்தையும் அதில் சேர்த்தது. அதைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்துவிட்டீர்கள். நானும் சும்மாதான் இருந்தேன். இணையதளத்திலிருந்து எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். புராணம் புதுமைக்கு வழிகாட்டும் என்று ஒன்றிய அரசின் விளக்கம் வேறு. அதற்குமேல் பொறுக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே பறக்கும் ஊர்தி தெரியும் என்பதற்கு என்சிஇஆர்டி காட்டும் சான்று வைமானிக சாஸ்திரம் என்ற சமஸ்கிருத விமான நூல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஐந்து பேர் 1974இலேயே அந்த நூலை அலசி, அது 1904க்கு முந்தையதல்ல, அதிலுள்ள எந்த விமானமும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள்.

"புராணம் என்றாலே உனக்கு எரியும்" என்பீர்கள். இல்லை சார். கம்பராமாயணத்தில் புஷ்பகம் பறக்கட்டும், தமிழ் ஐயா நடத்தட்டும், முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். அறிவியல் பாடத்தில் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

"இது துணைப்பாடம்தானே, பாடநூலா?" சரி, பாடநூலுக்கே வருவோம். அக்கா மகன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. யாரோ படித்த பழைய அறிவியல் புத்தகம் வைத்திருக்கிறான். பரிணாமப் பகுதி முழுக்கக் குறுக்கே பென்சில் கோடு, ஓரத்தில் 'டெலீட்டட்'. பச்சை இலைமேல் உட்கார்ந்து காக்கையிடம் தப்பிக்கும் பச்சை வண்டு, அந்தப் படத்தின்மேலும் கோடு. "மாமா, இது பரீட்சைக்கு வராது" என்று புரட்டிவிட்டான்.

கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றுதான் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்டும் அசையவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதாம். உயிரியல் எடுப்பவனுக்கு இருக்கிறது, காமர்ஸ் எடுப்பவனுக்கு? டார்வின் சுமை, புஷ்பகம் மட்டும் சுமையில்லை. குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்க்கவில்லை என்று 2018இல் ஒன்றிய இணையமைச்சரே சொன்னாரே, புஷ்பகம் பறந்ததை மட்டும் யார் பார்த்தார்களாம்?

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறது, நீ ஏன் குதிக்கிறாய் என்றால், சிபிஎஸ்இ படிப்பதும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு 'இந்து விரோதி' என்று பட்டம். கொடுத்தவர் சித்தப்பா. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் துளசி மாலை கட்டும் என் அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு நிஜமாகவே வலிப்பது வேறு. 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர், அதாவது தரையிறங்கும் கலம், நிலவில் மோதியது. ஏன் மோதியது என்று இஸ்ரோக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, திருத்தி, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3ஐ இறக்கினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கியவர். அவர்கள் உழைப்பைச் சொல்ல வேண்டிய பக்கத்தில் 'அன்றே நம்மிடம் இருந்தது' என்கிறீர்கள். இருந்தது என்றால் 2019இல் ஏன் விழுந்தது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், படித்துக்கொள்கிறோம்.