தாபரிப்புக்கு விவாகரத்து வரைக்கும் காத்திருக்க வேண்டாம்

கட்டுரையில் விவாகரத்து வழக்கு பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எங்கள் வன்னிப் பெண்களுக்கு முதலில் தெரிய வேண்டியது தாபரிப்பு, அதாவது பெண்சாதி பிள்ளைகளின் சீவியச் செலவுக்குப் புருஷன் கொடுக்க வேண்டிய காசு. புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, புருஷன் விட்டுப்போய் நாலு வருஷம், "டிவோர்ஸ் எடுத்தால்தானே காசு கேட்கலாம்" என்று நினைத்துப் பேசாமல் இருந்தவ. அப்படி இல்லை. இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, கலியாணம் முறியாமல் இருக்கும்போதே நீதவான் நீதிமன்றத்தில் தனக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். விவாகரத்து வேறு, அது மாவட்ட நீதிமன்றம். போர்க் காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அவசரமாகத் தாலி கட்டிவைத்து, பதியாமலே விட்ட கலியாணங்கள் எத்தனை! பதிவு இல்லையென்றால் ஒன்றுமே கேட்க முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், முறைப்படி சடங்கு நடந்ததற்குச் சாட்சி இருந்தால் நீதிமன்றம் அதையும் பார்க்கும், பதியாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தாபரிப்பு உண்டு.

அப்புறம் காணி. தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட பெண், சீதனக் காணியாக இருந்தாலும் விற்பதற்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், பிரிந்திருந்தாலும் அப்படித்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். ஆனால் அவர் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.